வேதம் வாசிக்கிறேன், எதுவும் என்னோடு பேசவில்லை

தென்மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, கல்யாணமாகிச் சென்னைப் புறநகரில் குடியிருக்கும் 38 வயது ஆசிரியை ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். (ஆள் தெரிந்துவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். அப்பா ஊர்ச் சபையில் உபதேசியாராக, அதாவது குருவுக்கு உதவியாகச் சபையைக் கவனிப்பவராக இருந்தவர். இவரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறார், பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தவறாமல் போகிறார்.

தினமும் காலை 4.30-க்கு எழுந்து, போனில் உள்ள ஒரு வருட வாசிப்புத் திட்டப்படி வேதம் வாசிக்கிறார். "கண் வரிகள்மேல் ஓடுகிறது, மனசு பால் பாக்கெட் வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விடுகிறது" என்கிறார். லேவியராகமத்தில் பின்தங்கி, விட்டதைப் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 14 அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்தாராம். செயலி பச்சை டிக் காட்டியது, ஒரு வரிகூட ஞாபகம் இல்லை. காபி கொடுக்கும்போது மாமியார் "இன்னைக்குக் கர்த்தர் என்னம்மா பேசினார்?" என்று கேட்பார். சங்கக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தனக்குக் கிடைத்த வசனத்தைச் சொல்வார்கள். இவர் யூடியூபில் கேட்ட பிரசங்கத்திலிருந்து ஒரு கருத்தை எடுத்து, தனக்குக் கிடைத்ததாகச் சொல்லிவிடுகிறார். "நான் ஒரு மாய்மாலக்காரி" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார்.

விஷயத்தை அரைகுறையாகச் சொன்னபோது ஒரு தோழி "மறைவான பாவம் ஏதாவது இருக்கும், ஆராய்ந்து பார்" என்றாராம். இன்னொருவர் 21 நாள் உபவாசம் இருக்கச் சொன்னார். மூன்றாமவர் ஒரு ஜெப வீட்டின் பெயரைச் சொல்லி, "கட்டு இருந்தா அங்க அவிழ்த்துவிடுவாங்க" என்றிருக்கிறார். (கட்டு என்றால் பிசாசின் பிடி.)

இவ்வளவுக்கும் நடுவில் சில வரிகள். இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் இவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (புது வருடத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் அச்சடித்து எடுக்கக் கொடுப்பது), "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி" என்ற 91-ம் சங்கீத வசனம் வந்தது. அதை அப்பாவின் கட்டில் தலைமாட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டினார். மே மாதம் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்கம் முடிந்து அட்டையைப் பிரித்தபோது சுவர்ச் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. அவ்வளவுதான். அடுத்த பத்தியிலேயே எந்த வாசிப்புத் திட்டம் நல்லது என்ற கேள்விக்குப் போய்விடுகிறார்.

கடைசிப் பக்கத்தில், விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுவதாகவும், ஆறு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்திருப்பதாகவும், விடைத்தாள் திருத்தும்போது ஒரே பதிலை மூன்று முறை படிக்க வேண்டியிருப்பதாகவும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். அவர் கேட்பவை: நான் பின்மாற்றத்தில் (விசுவாசத்தைவிட்டு விலகிப்போன நிலையில்) இருக்கிறேனா? கணவரிடம் சொல்லலாமா? ஓய்வுநாள் பள்ளியை விட்டுவிடலாமா? எப்படி வாசித்தால் அந்த உறவு திரும்ப வரும்?

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மனநல ஆலோசகர். பிரசங்கம் என் வேலை அல்ல. ஆனால் உங்களைப் போலவே சபைப் பெஞ்சுகளில் உட்கார்ந்து வளர்ந்தவள்தான் நானும். அதனால் இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வாசிப்பைப் பற்றியது போலத் தெரிந்தாலும், என் கண் அந்தச் சுண்ணாம்பில்தான் நின்றது. ஒரு விஷயத்தை அவ்வளவு துல்லியமாக நினைவு வைத்திருப்பவர் அதைக் கடந்துவிட்டவராக இருக்க முடியாது. நீங்கள் வேதத்தோடு தொடர்பு அறுந்துபோனதாக எழுதுகிறீர்கள். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், உங்களுக்கும் கர்த்தருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறீர்கள். கோபம் என்று ஒத்துக்கொள்ளவும் பயம். அதனால் தினமும் போய் எதிரே உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிடுகிறீர்கள். என் ஊகம் தவறாக இருக்கலாம், நீங்கள்தான் சொல்ல வேண்டும். இருந்தாலும் பதிலை இங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த வாக்குத்தத்த அட்டை

அட்டை எடுக்கும் வழக்கத்தை நான் கேலி செய்யவில்லை. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேலும் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஆனால் அந்த அட்டைகளை அச்சடிப்பவர்கள் ஆறுதலான வரிகளை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 88-ம் சங்கீதத்தின் கடைசி வசனத்தை யாரும் ரோஜாப்பூப் படத்தோடு அச்சடிப்பதில்லை. சிநேகிதர்களும் தூரமாகிப் போனார்கள் என்று சொல்லி, இருட்டிலேயே முடிந்துவிடுகிற சங்கீதம் அது.

உங்களுக்கு வந்த 91-ம் சங்கீதத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. மத்தேயு 4-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, "தாழக் குதியும்" என்று பிசாசு சொல்கிறான். அப்போது அவன் ஆதாரமாகக் காட்டுவது இதே 91-ம் சங்கீதம். உமது பாதம் கல்லில் இடறாதபடி தூதர்கள் கைகளில் ஏந்திக்கொண்டு போவார்கள் என்று எழுதியிருக்கிறதே, எழுதியிருப்பது உண்மையென்றால் குதித்துக் காட்டும் என்கிறான். இயேசு குதிக்கவில்லை. அந்தச் சங்கீதம் பொய் என்றும் சொல்லவில்லை. அதை எழுதிக்கொடுத்த உத்தரவாதப் பத்திரமாக வாசிக்க மறுத்தார், அவ்வளவுதான். ஓய்வுநாள் பள்ளியில் இந்தப் பகுதியை நீங்களே நடத்தியிருப்பீர்கள். உங்கள் தலைமாட்டு அட்டையோடு இதைச் சேர்த்துப் பார்க்க அந்த மே மாதத்துக்குப் பிறகு மனசு இடம் கொடுத்திருக்காது.

எரேமியா 29:11-ம் இப்படித்தான். "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று கல்யாணப் பத்திரிகையிலிருந்து கார் கண்ணாடிவரை போட்டுவிடுகிறோம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் வருகிற வரி அது. அதற்கு முந்தின வசனம் பாபிலோனில் எழுபது வருடம் என்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அங்கேயே செத்து அடக்கமாயிருப்பார்கள். அவர்களிடம் அந்தக் கடிதம் கேட்டது வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்பதைத்தான். ஒரு ஜனத்துக்கு எழுதப்பட்ட வார்த்தையை ஒரு தனி ஆளின் அந்த வருடத்துப் பலனாக வாசித்தால், நடக்காதபோது இரண்டில் ஒன்று பொய்யாகத் தெரியும். ஒன்று வசனம், இல்லாவிட்டால் நம் விசுவாசம். நீங்கள் நல்ல பிள்ளையாக வளர்ந்தவர். பழியை உங்கள்மேலேயே போட்டுக்கொண்டீர்கள்.

அப்பா இறந்தது உங்கள் விசுவாசக் குறைவால் அல்ல. அட்டையைத் தவறாகப் புரிந்துகொண்டதாலும் அல்ல. அவருக்குப் புற்றுநோய் இருந்தது.

மறைவான பாவமா?

தோழி நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவைப் பார்க்க அவருடைய சிநேகிதர்களும் நல்லெண்ணத்தில்தான் வந்தார்கள். வந்த புதிதில் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அது ஒன்றுதான் அவர்கள் செய்த உருப்படியான காரியம். பேச ஆரம்பித்ததும், நீ ஏதோ செய்திருக்கிறாய் என்று அதிகாரம் அதிகாரமாகச் சொன்னார்கள். கடைசியில் 42-ம் அதிகாரத்தில் தேவன் கோபித்தது அவர்கள்மேல். என்னை வெளியே வா, நியாயம் பேசுவோம் என்று கூப்பிட்ட யோபுதான் சரியாகப் பேசினான் என்கிறார்.

வறட்சி வந்தால் பாவம் இருக்க வேண்டும், பாவம் போனால் உணர்ச்சி திரும்ப வர வேண்டும் என்ற கணக்கு நம் சபைகளில் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. உங்களைப் போன்ற ஆட்களை அது மிகவும் காயப்படுத்தும். ஏற்கெனவே தன்னைத் தானே குடைந்துகொண்டிருப்பவரிடம் இன்னும் ஆழமாகக் குடை என்று சொன்னால், இல்லாத பாவத்தையும் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் கடிதத்திலேயே பத்து வருடத்துக்கு முன் ஒரு சக ஆசிரியையோடு போட்ட சண்டைவரை போயிருக்கிறீர்கள்.

நீங்கள் பின்மாற்றத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. துக்கத்தில் இருக்கிறீர்கள். சங்கீதங்கள் 150-ல் ஏறக்குறைய மூன்றில் ஒன்று புலம்பல் வகை என்பார்கள். அவ்வளவு இடத்தை முறையீட்டுக்கு ஒதுக்கிய புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, முறையிடக் கூடாது என்று நீங்களே ஒரு சட்டம் போட்டுக்கொள்ள வேண்டாம். 13-ம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும். மொத்தம் ஆறே வசனம். கடைசி இரண்டு வசனத்தில் தாவீது நம்பிக்கைக்கு வந்துவிடுகிறார். நீங்கள் இப்போது அதுவரை போக வேண்டியதில்லை. முதல் நாலு வசனத்தை வாய்விட்டு வாசித்துவிட்டு, அப்புறம் உங்கள் சொந்த வார்த்தையில் அந்த அட்டையைப் பற்றிச் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். அழுகை வராமல் எரிச்சல் வந்தாலும் சரி.

முதலில் டாக்டரிடம் போங்கள்

இதை மேலேயே எழுதியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அப்பாவின் விஷயத்தைப் பேசாமல் டாக்டர் என்றால் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

விடியுமுன்னே விழிப்பு வருவது, எடை குறைவது, எதிலும் ருசி இல்லாமல் போவது, ஒரே பதிலை மூன்று முறை படிப்பது. இவை எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனச்சோர்வு நோயா என்று பார்க்கச் சொல்வோம். உங்களுக்கு ஆறு மாதமாக இருக்கிறது. வாசிப்பில் மனசு ஒட்டாதது வேதத்தில் மட்டும் நடந்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பேன். விடைத்தாளிலும் நடக்கிறதே! காய்ச்சல்காரனுக்கு நாக்கு கசந்தால் சமைத்தவரைக் குறை சொல்வதில்லை. உங்களைப் பொறுத்தவரை, குறை வேதத்திலா விசுவாசத்திலா என்று தேடுவதற்கு முன் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் கோளாறு இருந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும், எடையும் குறையலாம். அவையெல்லாம் சரியாக இருந்தால் மனநல மருத்துவர். மாத்திரை தேவையா, ஆலோசனை மட்டும் போதுமா என்று அவர் சொல்வார். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரமாகும். நடுவில் நீங்களாக நிறுத்தக் கூடாது. மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று சபையில் சொல்பவர்கள் தங்கள் பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை, கவனித்திருப்பீர்கள்.

உடனே நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-க்குப் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இலவசம், எந்த நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசுவார்கள். "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரி எண்ணம் ஒரு முறை வந்தால்கூட ஆற அமர யோசிக்காமல் அன்றைக்கே கணவரிடம் சொல்லி மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

21 நாள் உபவாசம் இப்போது வேண்டாம். ஐந்து கிலோ குறைந்த உடம்பு அதைத் தாங்காது. அரைகுறை பசியும் தூக்கமின்மையும் சேர்ந்தால் மனச்சோர்வு இன்னும் கூடும். ஜெப வீட்டுக்கும் போக வேண்டாம் என்பதே என் கருத்து. உங்களுக்காக ஜெபிக்க யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் துக்கத்துக்குக் "கட்டு" என்று பெயர் வைக்கும் இடத்தில், மருந்தை நிறுத்து என்று சொல்லவும், கூட்டத்துக்கு நடுவில் உங்களைச் சாட்சி சொல்ல நிறுத்தவும் வாய்ப்பு அதிகம். அப்புறம் குணமாகவில்லை என்றால் அந்தப் பழியும் உங்கள் தலையில்தான் விழும்.

திட்டத்தை மூடி வையுங்கள்

இனி வாசிப்புக்கு வருவோம். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க தினம் மூன்று, நான்கு அதிகாரம் ஓட வேண்டும். இப்படிப்பட்ட திட்டங்களில் இன்றும் பலர் பின்பற்றுகிற ஒன்றை 1842-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ராபர்ட் மர்ரே மெக்‌ஷெயின் என்ற இளம் போதகர் தன் சபையாருக்காகப் போட்டார். அதைக் கொடுக்கும்போதே அதிலுள்ள ஆபத்துகளையும் எழுதிக் கொடுத்தார். வெறும் சடங்காகிவிடும், வாசித்துவிட்டோம் என்ற சுயநீதி வரும், கவனமில்லாமல் வாசிப்போம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகும் என்றார். உங்கள் 14 அதிகார ஞாயிற்றுக்கிழமையில் சுயநீதியைத் தவிர மற்றது எல்லாம் இருக்கிறது. திட்டம் போட்டவரே நுகமாகலாம் என்று சொல்லிவிட்டார். அதனால் குற்ற உணர்ச்சி இல்லாமல் நிறுத்தலாம். செயலியின் நினைவூட்டலையும் அணைத்துவிடுங்கள்.

காலை 4.30-ம் வேண்டாம். மூன்று மணிக்கு விழித்துத் திரும்பவும் கண் அயர்கிற நேரம் அது, அந்தத் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். ஆதியாகமம் 24-ல் ஈசாக்கு தியானம் பண்ண வெளியே போனது சாயங்கால வேளையில். பள்ளி விட்டு வந்து, டீ குடித்து, மொட்டை மாடியில் பத்து நிமிடம் போதும்.

தனியாக மௌனமாக வாசிக்க வேண்டும் என்பதும் கட்டாயம் இல்லை. தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715-ல். வீட்டுக்கு வீடு புத்தகம் வந்ததெல்லாம் அதற்கு வெகு காலம் கழித்து. அதுவரை எங்கேயும் ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். நெகேமியா 8-ல் எஸ்றா தண்ணீர் வாசலுக்கு முன்னால் காலையிலிருந்து மத்தியானம்வரை வாசிக்கிறார், லேவியர் அர்த்தம் சொல்கிறார்கள், ஜனங்கள் அழுகிறார்கள். அப்போஸ்தலர் 8-ல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவை வாசிக்கிறார். வாசிக்கிறது புரிகிறதா என்று பிலிப்பு கேட்கும்போது, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்கிறார். அவரை யாரும் பின்மாற்றக்காரர் என்று சொல்லவில்லை. பிலிப்பு ரதத்தில் ஏறி உட்கார்ந்தார். உங்கள் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் அத்தனையும் மனப்பாடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இருந்த தொடர்பு எந்தத் திட்டத்தில் வந்தது?

அதனால் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாயங்காலம் போன் போடுங்கள். ஒரு நாள் அவர் ஒரு சங்கீதம் வாசிக்கட்டும், மறுநாள் நீங்கள். விளக்கம், சாட்சி, "என்ன கற்றுக்கொண்டோம்" எதுவும் வேண்டாம். அம்மாவுக்கும் துக்கம்தான். நீங்கள் தைரியமாக இருப்பதாக அவர் நினைக்கிறார், அவர் தைரியமாக இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். சங்கீதம் சரிவராவிட்டால் மாற்கு சுவிசேஷம் எடுங்கள். பதினாறே அதிகாரம், கதையாக ஓடும், பொறுமை இல்லாத மனசுக்கும் ஏற்றது.

அப்பாவின் வேதாகமம் துண்டில் சுற்றி பீரோவில் இருக்கிறது, சிவப்புப் பென்சில் கோடுகளும் ஓரத்தில் தேதிகளும் போட்டது, இன்னும் திறக்கவில்லை என்கிறீர்கள். அதைத் தனியாகத் திறக்காதீர்கள். அவசரமும் இல்லை. அம்மா பக்கத்தில் இருக்கும்போது திறங்கள். எந்தத் தேதி எதற்குப் போட்டது என்று அவருக்குத்தான் தெரியும்.

நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871-ல் வந்தது. உங்களுக்கு அந்த நடை அப்பாவின் குரலாகவே கேட்கும். அதனால்தான் மனசு ஓரிரு வரிக்கு மேல் நிற்க மறுக்கிறதோ என்னவோ. அப்படி இருந்தால் கொஞ்ச மாதம் 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் வாசித்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் பழையதற்கே திரும்புங்கள்.

உணர்ச்சி எப்போது திரும்ப வரும் என்று கேட்கிறீர்கள். தேதி சொல்ல என்னால் முடியாது. எம்மாவு ஊருக்குப் போன இரண்டு சீடர்களும், கூட வருவது உயிர்த்தெழுந்த இயேசு என்று தெரியாமலே, வழி முழுக்க அவர் சொன்ன வேதவாக்கியங்களின் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டேதான் நடந்தார்கள். நம்முடைய இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது எல்லாம் முடிந்து, அவர் மறைந்த பிறகு. நடக்கும்போது அவர்கள் முகம் துக்கமாகத்தான் இருந்தது என்று லூக்கா எழுதுகிறார்.

மாமியார், சங்கம், கணவர்

மாமியார் கேட்பது பெரும்பாலும் பழக்கம், "சாப்பிட்டாயா" என்பது போல. "13-ம் சங்கீதம் வாசிச்சேன் அத்தை" என்று சொன்னால் போதும். அது உண்மை. கிடைக்காததைக் கிடைத்தது என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. சங்கத்திலும் இதே மாதிரி, கிடைத்ததைச் சொல்லாமல் வாசித்ததைச் சொல்லுங்கள். யூடியூபில் கேட்டதைச் சொல்வதென்றால் இன்னார் சொன்னார் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள், மாய்மாலம் என்ற உறுத்தல் அதோடு போய்விடும். உங்கள் முறை வரும்போது "இன்னைக்கு நான் கேட்கிறேன்" என்று விட்டுவிடவும் உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் அப்படிச் சொன்னால், அந்த வட்டத்தில் இன்னும் இரண்டு பேராவது மூச்சு விடுவார்கள்.

கணவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்பா பேச்சை எடுத்தாலே "அவர் பரலோகத்தில் சந்தோஷமா இருக்கார், ஏன் அழுற" என்று முடித்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது இரக்கமில்லாமை அல்ல, அழுகிறவரை என்ன செய்வது என்று தெரியாமை. பேச ஆரம்பிக்கும்போதே "எனக்குப் பதில் வேண்டாம், பத்து நிமிஷம் கேட்டாப் போதும்" என்று சொல்லிவிடுங்கள். வேதத்திலிருந்து தொடங்காதீர்கள், அவர் ஆலோசனை சொல்லத் தொடங்கிவிடுவார். தூக்கத்திலிருந்தும் எடையிலிருந்தும் தொடங்குங்கள். டாக்டரிடம் அவரும் கூட வரட்டும்.

ஓய்வுநாள் பள்ளியை விடலாமா?

இப்போது முடிவெடுக்காதீர்கள். மனம் வறண்டு கிடக்கும் காலத்தில், அதற்கு முன் தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானங்களை மாற்றாதே என்று இக்னேஷியஸ் லொயோலா 16-ம் நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறார். அவர் கத்தோலிக்கர், இயேசு சபையைத் தொடங்கியவர். சி.எஸ்.ஐ. காரர்களும் கேட்டுக்கொள்ளலாம், பரவாயில்லை. ராஜினாமா வேண்டாம், விடுப்பு கேளுங்கள். ஆசிரியைக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். விசுவாசம் ஆட்டம் காண்கிற நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது மோசடி என்று எழுதியிருக்கிறீர்கள். தாவீதும் கோலியாத்தும் கதையைச் சொல்ல அன்றைக்குக் காலையில் உங்களுக்கு நெஞ்சுருகியிருக்க வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பது வேறு விஷயம். இரண்டு மாதமோ மூன்று மாதமோ, திரும்பி வரும் தேதியோடு கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளியை ஒவ்வொரு வருடமும் நீங்கள்தான் நடத்துகிறீர்கள் என்று தெரிகிறது. அப்பாவின் நினைவு நாளும் அதே மாதம். போன வருடம் அந்த நாளன்று 60 பிள்ளைகளுக்கு ஆக்‌ஷன் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வருடம் அந்தப் பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுங்கள். சபைப் பொறுப்பிலுள்ள சேகரகுருவிடம் நீண்ட விளக்கம் தேவையில்லை, அப்பாவின் நினைவு நாள், அம்மாவோடு இருக்கிறேன் என்றால் போதும். டாக்டரைப் பார்த்த பிறகு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.